பின்னால் இருப்பவர் யார்? 'விடாது கருப்பு', 'வாண்டாவிஷன்' தொடர்களும் பார்வையாளர் ஊகங்களின் அறமும்

ஆய்வுச்சுருக்கம்

வாரந்தோறும் ஒளிபரப்பாகும் மர்மத் தொடர்களைப் பார்ப்போர், ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடைப்பட்ட நாட்களில் கதையின் விடையை ஊகிக்கின்றனர். இவ்வூகங்களைப் பார்வையாளரின் விளையாட்டாகவும் பங்கேற்பாகவும் காணும் போக்கே ஊடக ஆய்வில் மிகுதி. நிகழ்ந்த தீங்கிற்கு யாரைப் பொறுப்பாக்குவது என்ற அறக்கேள்வியே ஊகத்தின் உள்ளீடு என்பது இக்கட்டுரையின் வாதம். சன் தொலைக்காட்சியின் 'விடாது கருப்பு', 2021இல் வெளிவந்த 'வாண்டாவிஷன்' ஆகிய தொடர்களை முதன்மையாகவும், 'சக்திமான்' தொடரைத் துணையாகவும் கொண்டு, சிலப்பதிகாரத்தின் கட்டுரைகாதை, உரைபெறு கட்டுரை ஆகியவற்றோடு ஒப்பிட்டு இவ்வாதம் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பார்வையாளர் ஊகம், சூப்பர் ஹீரோ, காவல் தெய்வம், வாரத்தொடர், கண்ணகி, பொறுப்பு

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர் பற்றிய தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் கதையையும் கதைமாந்தரையும் சார்ந்தே நிகழ்ந்துள்ளது. பெண் பாத்திரங்களின் சித்திரிப்பு, குடும்ப அமைப்பு, மொழிநடை ஆகியவை பேசப்பட்ட அளவுக்குப் பார்வையாளர் என்ன எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பேசப்படவில்லை. மேலை ஆய்வுலகில் நிலை வேறு. ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட நூல், தொடர்களின் ஆர்வலர்களைச் செயலற்ற நுகர்வோர் என்ற நிலையிலிருந்து மீட்டது. ஜேசன் மிட்டெல், சிக்கலான கதையமைப்புடைய தொடர்களின் பார்வையாளர் தடயவியலாரைப் போலச் சட்டகந்தோறும் சான்று தேடுவதைக் கவனப்படுத்தினார். இருவரும் பார்வையாளரின் அறிவாற்றலை மதிக்கின்றனர், அது சரியே. ஆயினும் துப்பறிதல் என்பது நடுநிலையான அறிவுச்செயல் மட்டுமன்று. துப்பறிபவர் ஒரு குற்றவாளியைத் தேடுகிறார். எவரைக் குற்றவாளியாகக் காண விரும்புகிறார், எவரைக் காண விரும்பவில்லை என்பதில் அவர் அறம் வெளிப்படுகிறது. ஊகம் பலித்ததா பொய்த்ததா என்று கணக்குப் பார்க்கும் கட்டுரைகள் பல. அந்தக் கணக்கு இங்குத் தேவையில்லை.

கோபுரத்தின் கீழே

கொடைக்கானல் செல்வோர் தொடர்வண்டியிலிருந்து இறங்கும் இடமாகவே கொடைரோடு பிறரால் அறியப்படுகிறது. அம்மையநாயக்கனூரை ஒட்டிய இந்தச் சமவெளிக்குத் தொலைக்காட்சி வரலாற்றில் வேறொரு உறவும் உண்டு. தூர்தர்ஷனின் உயர்திறன் ஒளிபரப்பி கொடைக்கானல் மலையில் அமைந்தபின், தென்மாவட்டங்களின் கூரைகளில் நின்ற ஆண்டெனாக்கள் அம்மலையை நோக்கித் திரும்பின. தனியார் செயற்கைக்கோள் அலைவரிசைகளும் கேபிள் இணைப்பும் பரவும்வரை, மலையிலிருந்து இறங்கி வந்த அலைகளே இச்சிற்றூர்களின் திரை. அதன்வழி வந்தவற்றுள் பெரும்பகுதி இந்தியில் இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. மொழி புரியாமல் பார்ப்பவர் ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். முகக்குறிப்பையும் இசையையும் கொண்டு, இவன் நல்லவன், இவன் தீயவன், இவள் அழுவது இதனால் என்று தானே ஒரு கதையைத் தைத்துக்கொள்ள வேண்டும். அந்த வகையில் ஊகம் இங்குள்ள பார்வையாளருக்குப் பொழுதுபோக்காக அல்ல, பார்த்தலின் அடிப்படைத் தேவையாகவே அமைந்தது.

1997 செப்டம்பரில் தொடங்கி 2005 வரை ஒளிபரப்பான 'சக்திமான்' இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. முகேஷ் கன்னா நடித்த இந்நாயகன் யோகத்தாலும் ஐம்பூதங்களாலும் ஆற்றல் பெற்றவன்; பகலில் கங்காதர் என்னும் அசட்டு நிழற்படக் கலைஞன். மூக்குக்கண்ணாடி அணிந்த கோமாளிக்குள் வீரன் ஒளிந்திருக்கும் உத்தி அமெரிக்கச் சித்திரக்கதைகளிலிருந்து வந்தது என்றாலும், ஆற்றலின் மூலத்தைத் தொன்மையில் வைத்தது இத்தொடரின் சிறப்பு. சக்திமான் வந்து காப்பான் என நம்பிக் குழந்தைகள் தம்மைத் தாமே ஆபத்துக்குள்ளாக்கியதாக அக்காலச் செய்தித்தாள்களில் செய்திகள் வந்தன. அச்செய்திகளின் உண்மை குறித்துத் தொடர்தரப்பு மறுப்பும் தெரிவித்தது. ஆயினும் முகேஷ் கன்னாவே திரையில் தோன்றித் தம்மைப் பின்பற்ற வேண்டா என்று சிறுவர்களிடம் பேச நேர்ந்தது. சிறுவரின் அறியாமை என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. திரைக்குப் பின்னால் காக்க வல்ல ஒருவன் இருக்கிறான் என்பது அவர்களுடைய ஊகம். பெரியவர்களின் ஊகங்களும் வடிவில் இதிலிருந்து அதிகம் விலகுவன அல்ல. காப்பவனுக்கு மாறாக அவர்கள் கெடுப்பவனைத் தேடுகிறார்கள், அவ்வளவே.

தெய்வத்தின் பின்னால் மனிதர்

1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் வாரத்தொடராக வந்த 'மர்மதேசம்' வரிசையில் 'ரகசியம்' என்ற கதையை அடுத்து வந்தது 'விடாது கருப்பு'. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கினார். 'விட்டுவிடு கருப்பா' என்னும் நாவலை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தே அதற்கும் அடிப்படை. மதுரையில் வாழ்ந்து 2024இல் மறைந்த அவர், தென்மாவட்டக் கோயில்களையும் காவல் தெய்வங்களையும் வெகுசன எழுத்துக்குள் கொணர்ந்தவர்.

ஓர் ஊர், அவ்வூரின் காவல் தெய்வம் கருப்பு, தவறு செய்தவர் தண்டிக்கப்படுகின்றனர். தண்டிப்பது கருப்பா, கருப்பின் பெயரால் இயங்கும் ஒருவரா? தொடர் முழுவதும் இக்கேள்வியின் மீதே நிற்கிறது. இதனைச் சூப்பர் ஹீரோ கதையாகக் கொள்ளலாமா என்ற ஐயம் எழக்கூடும். இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றிவருபவர். தமக்கென்று உடையும் ஆயுதமும் உடையவர். அரசன் நீதியோ நீதிமன்றமோ தொடாத குற்றத்தைத் தொடுபவர். முகம் காண முடியாதவர். இவ்வியல்புகளை ஒருங்கே உடைய ஓர் உருவத்தைச் சித்திரக்கதை அச்சகங்கள் தோன்றுவதற்கு முன்பே இந்நிலம் அறிந்திருந்தது. திண்டுக்கல் சமவெளியின் ஊரெல்லைகளில் அரிவாளோடும் குதிரையோடும் நிற்கும் கருப்பனை அன்றாடம் கடந்துசெல்லும் பார்வையாளருக்குத் தொடரின் நாயகனை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அங்கு வழிபடப்பெறுவது அடைத்த கதவு. சந்தனம் சாத்தப்படுவது கதவுக்கே. அதன்முன் நின்று சத்தியம் செய்வோர் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆராய்வதில்லை. வழக்குடையவர் தம் பெயரில், தம் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். தவறினால் வருவதை ஏற்கிறார். 'விடாது கருப்பு' இம்மரபுக்குள் நுழைந்து அக்கதவைத் தட்டியது. வழிபடுபவர் கேட்காத கேள்வியைப் பார்வையாளர் கேட்கும்படி செய்தது.

எனவே அத்தொடர் தூண்டிய ஊகம், தெய்வத்திற்குப் பின்னால் உள்ள மனிதரைத் தேடும் ஊகம். இவரா, அவரா என ஊரார் ஒவ்வொருவர் மீதும் ஐயம் விழுகிறது. அதேவேளை, ஒருவேளை தெய்வமேதானோ என்ற எண்ணமும் இறுதிவரை விடுவதில்லை. பகுத்தறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான போட்டியாக இது வழக்கமாக விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் போதாது. தண்டிக்கப்பட்டவர் தவறு செய்தவர் என்பதில் பார்வையாளருக்கு ஐயமே இல்லை. தண்டித்தவரைக் கண்டுபிடிப்பதில் ஆர்வம் உண்டு, அவர் பிடிபட வேண்டும் என்ற விருப்பம் இல்லை. ஒரு துப்பறியும் கதையின் பார்வையாளருக்கு இது விந்தையான மனநிலை. தெய்வம் செய்தது என்றால் கொலை தண்டனையாகிறது. மனிதர் செய்தார் என்றால் தண்டனை கொலையாகிறது. அந்தக் கோட்டைக் கடக்க நேருமோ என்ற தயக்கமே வாரம் முழுவதும் ஊகத்தை வளர்த்தது. (முடிவை இங்கு வெளியிடாமல் விடுகிறேன். புதிதாகத் தேடிப் பார்ப்போர் இன்றும் உள்ளனர்.)

நகைக்குள் அழுகை

ஜாக் ஷேஃபர் உருவாக்கி மாட் ஷாக்மன் இயக்கிய 'வாண்டாவிஷன்' 2021 ஜனவரி 15 முதல் மார்ச் 5 வரை 9 பகுதிகளாக டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளிவந்தது. இந்தியாவில் ஹாட்ஸ்டார் வழியாகக் காணக் கிடைத்தது. எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் தந்துவிடும் வழக்கம் வேரூன்றியிருந்த காலத்தில், முதலிரு பகுதிகளைச் சேர்த்துத் தந்தபின் எஞ்சியவற்றை வாரம் ஒன்றாகவே வெளியிட்டனர். பெருந்தொற்றுக் காலத்தில் வீடடங்கியிருந்த பார்வையாளருக்கு ஆறு நாள் இடைவெளி திரும்பக் கிடைத்தது. 'விடாது கருப்பு' பார்த்தவர்களுக்கு அந்த இடைவெளி புதிதன்று.

தொடரின் உடை பழம்பாணி. முதல் பகுதி 1960களின் 'டிக் வான் டைக்' நிகழ்ச்சியைப் போலக் கறுப்பு வெள்ளையில், அரங்கில் அமர்ந்த பார்வையாளரின் முன்னிலையிலேயே படமாக்கப்பட்டது. இரண்டாவது 'பிவிட்ச்டு' தொடரின் சாயலுடையது. பிறகு பத்தாண்டுக்கு ஒன்றாக அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் வடிவங்கள் மாறி மாறி வருகின்றன. வெஸ்ட்வியூ என்னும் சிற்றூரில் வாண்டாவும் விஷனும் இன்பமாக இல்லறம் நடத்துகின்றனர். விஷன் முன்பே இறந்தவன். இறப்பின் துயரைத் தாங்காத வாண்டா தன் ஆற்றலால் ஓர் ஊரையே மூடி, ஊராரைத் தன் நகைச்சுவைத் தொடரின் துணைநடிகர்களாக ஆக்கி வைத்திருக்கிறாள் என்பது பின்னர் வெளிப்படுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறும்; நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றைக் கூறும். இத்தொடரின் வடிவம் முற்றிலும் நகையின் நான்கு களன்களால் கட்டப்பட்டது. கணவனின் அலுவலக மேலாளர் விருந்துக்கு வருவதை மறந்து விழிக்கும் மனைவியின் பேதைமையில் தொடங்குகிறது கதை. அதன் பொருளோ இழவு. பதிவு செய்யப்பட்ட சிரிப்பொலி அடங்கும் கணங்களில்தான் அழுகை எட்டிப்பார்க்கிறது. பழம்பாணி என்பது இங்கு அலங்காரமாக நிற்கவில்லை. சிறுவயதில் சொகோவியா நாட்டில் பெற்றோருடன் பார்த்த அமெரிக்கத் தொடர்களே வாண்டா அறிந்த ஒரே பாதுகாப்பு. குண்டு விழுந்த இரவிலும் அத்தகைய தொடர் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாம் பகுதி இதனைக் காட்டும்போது, முதல் ஐந்து பகுதிகளில் வடிவ விளையாட்டாகத் தோன்றியவை பொருள் மாறித் துயரக் குறிப்புகளாகின்றன. தொடரின் உண்மையான வெற்றி இதுவே என்று கருதுகிறேன்.

மனிதருக்குப் பின்னால் சாத்தான்

ஐந்தாம் பகுதிக்குள்ளாகவே வாண்டாதான் ஊரைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்பதைத் தொடர் பெருமளவு வெளிப்படுத்திவிட்டது. பார்வையாளர் அதனை ஏற்கவில்லை. மெபிஸ்டோ என்னும் சாத்தான் பாத்திரம் பின்னால் இருக்கிறது என்ற ஊகம் அந்த எட்டு வாரங்களில் உலகெங்கும் பரவியது. மூலமான சித்திரக்கதைகளில் வாண்டாவின் இரட்டைக் குழந்தைகளுக்கும் மெபிஸ்டோவுக்கும் தொடர்பு உண்டு என்பதால் ஊகம் அடிப்படையற்றதன்று. அண்டைவீட்டு ஆக்னஸ் சாத்தானைப் பற்றி உதிர்த்த ஒரு சொல், அவளுடைய கண்ணில் படாத கணவன் ரால்ஃப், சுவரில் ஊர்ந்த பூச்சி ஆகிய யாவும் சான்றுகளாயின. மோனிகா குறிப்பிட்ட விண்வெளிப் பொறியாளர் நண்பர் யார் என்பது குறித்து ஒரு கிளை ஊகம். வேறொரு திரைப்பட வரிசையில் பியெத்ரோவாக நடித்த இவான் பீட்டர்ஸ் இங்கு வந்ததைக் கொண்டு இன்னொன்று. மெபிஸ்டோ வரவில்லை. பொறியாளர் நண்பர் ஓர் இராணுவ அதிகாரி. பீட்டர்ஸ் ஏற்ற வேடம் ரால்ஃப் போனர் என்னும் சாதாரண ஊர்வாசி. பலர் ஏமாற்றத்தைச் சினத்துடன் தெரிவித்தனர்.

சாத்தானை ஏன் அவ்வளவு விரும்பினர்? சித்திரக்கதை அறிவு மட்டும் காரணமாக முடியாது. அவ்வறிவு இல்லாதவர்களும் இவ்வூகத்தை வரவேற்றனர். வாண்டாவின் துயரில் பார்வையாளர் பங்கேற்றுவிட்டார். அத்துயரின் விளைவில் பங்கேற்க விரும்பவில்லை. சாத்தான் இருந்தால் துயரம் வாண்டாவுக்கும் குற்றம் சாத்தானுக்கும் எனப் பிரித்துக்கொடுக்கலாம். தமிழ்த் தொடரின் பார்வையாளர் தெய்வத்தை விலக்கி மனிதரைக் கண்டுவிடுவோமோ என்று தயங்கினார். இங்கோ மனிதரை விலக்கிச் சாத்தானைக் காணத் துடித்தனர். திசை எதிரெதிர் எனினும் நோக்கம் ஒன்றே. தாம் அன்பு வைத்த ஒருவரின் கையில் குருதி இருக்கக் கூடாது.

இவ்விருப்பத்திற்கு ஒரு விலை உண்டு. அதனை உணர்த்துவது டாட்டி என்னும் சிறு பாத்திரம். ஊரின் பெண்கள் குழுவை அதிகாரத்துடன் நடத்தும் இவள் மீது பார்வையாளரின் ஐயம் தொடக்கம் முதலே விழுந்தது. எம்மா கால்ஃபீல்ட் போன்ற அறியப்பட்ட நடிகையை வீணே நடிக்க வைத்திருக்க மாட்டார்கள் என்று வாதிட்டனர். இறுதிப் பகுதியில் அவள் விழித்தெழுகிறாள். அவள் பெயர் சாரா. எட்டு வயது மகள் அறையில் அடைபட்டிருக்கிறாள். தன் மகளுக்கு வாண்டாவின் கதையில் ஏதேனும் ஒரு வேடம் தரக்கூடாதா, அல்லது அவளை அறையை விட்டு வெளியே விடக்கூடாதா என்று சாரா இறைஞ்சுகிறாள். பார்வையாளர் வாரக்கணக்கில் குற்றவாளியாக ஐயுற்றவள் பாதிக்கப்பட்டவள். பார்வையாளர் காப்பாற்ற முயன்றவள் அவளைச் சிறைவைத்தவள். ரால்ஃப் போனரின் நிலையும் இதுவே. விஷனின் அலுவலக நண்பன் நார்ம் உண்மையில் அபிலாஷ் டாண்டன் என்னும் இந்தியப் பெயருடையவன். ஒரு கணம் மயக்கம் தெளிந்ததும் தன் தங்கையிடம் பேச வேண்டும், தந்தை நோயுற்றிருக்கிறார் என்று அவன் கதறுகிறான். பெயரையே மாற்றி, அமெரிக்கக் குடும்பத் தொடரின் சிரிக்கும் நண்பனாக ஆக்கிவிட்ட கொடுமை இந்தியப் பார்வையாளரையேனும் நிறுத்தியிருக்க வேண்டும். அதனை விடப் பொறியாளர் நண்பரின் அடையாளமே அதிகம் பேசப்பட்டது.

பின்னர் நடந்ததும் குறிக்கத்தக்கது. 2022இல் வந்த இரண்டாவது 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தில் வாண்டாவின் கொடுஞ்செயல்களுக்குத் 'டார்க்ஹோல்ட்' என்னும் தீய நூல் காரணமாக்கப்பட்டது. பார்வையாளர் வேண்டிய 'பின்னால் இருக்கும்' ஒன்றை நிறுவனம் காலம் தாழ்த்தி வழங்கியது. மெபிஸ்டோவே 2025இல் 'அயர்ன்ஹார்ட்' என்ற வேறொரு தொடரில் வந்து சேர்ந்தான். வாண்டாவுக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

கட்டுரைகாதையின் விளக்கம்

கணவனை இழந்த பெண்ணின் துயரம் ஓர் ஊரை விழுங்குவது தமிழ் வாசகருக்குப் புதிய கதையன்று. மதுரையை எரித்தபின் கண்ணகி மேற்கு வாயில் வழியே நீங்கி வைகைக் கரையோடு நடந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். அவ்வழி நிலக்கோட்டைச் சமவெளியின் தென்விளிம்பைத் தொட்டே சென்றிருக்க வேண்டும். வாண்டாவையும் கண்ணகியையும் ஒப்பிடுவது ஒற்றுமைகளை அடுக்குவதற்காக அன்று. இழைக்கப்பட்ட அநீதியின் தன்மையும் எதிராளியும் வேறு; கண்ணகி அரசவையில் வழக்குரைத்து வென்றவள், வாண்டாவுக்கு வழக்குமன்றமே இல்லை. துயருற்ற பெண்ணின் செயலுக்குப் பிறர் அளிக்கும் விளக்கமே இங்கு ஒப்பிடத்தக்கது.

கண்ணகி முன் தோன்றும் மதுராபதித் தெய்வம் ஒரு பழங்கதை சொல்கிறது. முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் விளைந்தது. கதைக்குப் பின்னால் இன்னொரு கதை. நிகழ்ந்ததற்குப் பின்னால் முன்பே நிகழ்ந்த ஒன்று. அமைப்பால் இதுவும் ஓர் ஊகம். ஊரின் தெய்வமே வந்து சொல்வதால் அதற்கு அதிகாரம் கூடுகிறது. பாண்டியனின் பிழை ஊழின் கருவியாகிறது. எரிந்த நகரும் அக்கணக்கில் அடங்கிவிடுகிறது. ஊழ்வினை காப்பியத்தின் மூன்று கொள்கைகளுள் ஒன்று என்பதால் இவ்விளக்கத்தை இடைச்செருகல் போல ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அழற்படுகாதைக்கு முன்பே கண்ணகி அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கி எரிக்குமாறு ஏவியதைச் சொல்லும் ஆசிரியர், ஊரில் குற்றமற்றோர் உண்டு என்பதை மறக்கவில்லை. ஊழ் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றால் அந்த விலக்குப் பட்டியலுக்குத் தேவை என்ன?

உரைபெறு கட்டுரை தரும் செய்தி இன்னும் கடுமையானது. நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் பெருகியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு நங்கையைச் சாந்தி செய்தான். சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். பலியானவர் ஆயிரவர். துன்பத்திற்குப் பின்னால் யார் என்ற கேள்விக்கு ஒரு குலமே விடையாகிவிட்டது. ஊகத்தை விளையாட்டு என்று மட்டும் எழுதும் ஆய்வுகளுக்கு இவ்வோர் உரைநடைப் பகுதியைத் தக்க மறுப்பாகக் கொள்ளலாம். திரையில் டாட்டி மீது விழுந்த ஐயம் எவரையும் கொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதனை இயக்கிய விருப்பம் பழையது.

சதுக்கத்தில் நின்றவர்கள்

'வாண்டாவிஷன்' தொடரின் இறுதிப் பகுதி பார்வையாளரின் சாத்தானை மறுத்ததில் நேர்மையாக நடந்துகொண்டது. ஊரார் வாண்டாவைச் சூழ்ந்து, அவளுடைய துயரம் தங்கள் உறக்கத்தில் கனவாக வந்து வதைப்பதைச் சொல்கின்றனர். விடுவிக்காவிட்டால் சாகவாவது விடுமாறு வேண்டுகின்றனர். தொடர் முழுவதிலும் இதைவிட வலிமையான காட்சி இல்லை. அதற்குப் பின் தொடர் தளர்ந்துவிடுகிறது. அகாதா என்னும் சூனியக்காரியுடன் வானில் போர். பிறகு வாண்டா தன் கணவனையும் குழந்தைகளையும் இழந்து ஊரை விடுவிக்கிறாள். அவள் சதுக்கத்தின் வழியே நடக்கையில் ஊரார் பகைமையோடு நோக்குகின்றனர். அவள் செய்த தியாகம் இவர்களுக்குத் தெரியப்போவதில்லை என்று மோனிகா ஆறுதல் சொல்கிறாள். இச்சொல் பார்வையாளரைப் பிளந்தது. சிறைப்பட்டவர் சிறைவைத்தவளுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்டோர் ஒரு சாரார். இழப்பின் அளவை மோனிகா மட்டுமே உணர்ந்தாள் என்றோர் மற்றொரு சாரார். மெபிஸ்டோவைப் பற்றிய எட்டு வார ஊகங்களில் எழாத அறவிவாதம் இவ்வொரு தொடரில் எழுந்தது.

முதல் சாராரின் பக்கமே நியாயம் மிகுதி. பாண்டியன் நெடுஞ்செழியன் உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கத்தைக் கண்டபோது, பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுப் பிழைத்ததை அறிந்தும், பழியைப் பொற்கொல்லன் மீது போடவில்லை. பின்னால் இருப்பவர் யார் என்று அவன் தேடவில்லை. கள்வன் தானே என்றான், வீழ்ந்தான். வாண்டாவும் ஒரு மன்னிப்புக் கேட்கிறாள். தான் விளைத்த துன்பங்களுக்காக வருந்துவதாகவும், தன் ஆற்றலை இனித்தான் புரிந்துகொள்ளப்போவதாகவும் சொல்கிறாள். ஆனால் அச்சொற்கள் மோனிகாவிடம் சொல்லப்படுகின்றன. சாராவும் அபிலாஷ் டாண்டனும் வாழும் ஊர் அதே சதுக்கத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அவர்கள் பக்கம் அவள் திரும்பவில்லை, பறந்து சென்றுவிடுகிறாள்.